முன்னோரைத் தேடுவோருக்கு ஒரு முன்னோடி: அண்டிரிக் அடிகளார் (1520–1600)



யூபிலி ஆண்டு என்பது பின்னோக்கிப் பார்க்கும் ஆண்டு. பழைய ஏற்பாட்டிலே, யூபிலி வந்ததும் ஒவ்வொருவனும் தன் குடும்பத்தாரிடமும் தன் காணியிடமும் திரும்பிச் செல்ல வேண்டும் என்று மோயீசன் வழியாகச் சட்டம் தரப்பட்டது. அந்தச் சட்டத்தின் சாயல்தானோ என்னவோ, ஆலயத்திற்கு யூபிலி வந்தால் குடும்பங்களுக்கும் பழைய நினைவு வந்துவிடுகிறது. எங்கள் பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார், எங்கள் வீட்டில் முதலில் வேதத்தில் சேர்ந்தவர் யார், கோயில் ஏட்டிலே பெயர் இருக்கிறதா என்று கேட்டு வருகிறவர்கள் பலர். இது நல்ல ஆவலே. ஆனால் எந்த நல்ல ஆவலுக்கும் ஒரு வழிகாட்டி தேவை. இதற்கு நாம் காட்டக்கூடிய வழிகாட்டி, தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னைக்காயலில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து அங்கேயே கண்மூடிய அண்டிரிக் அடிகளார் ஆவார்.

தமிழில் முதன்முதலாக நூல் அச்சிட்டவர் என்று இவரைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். தம் முன்னோர் இன்னார் என்பதற்காகவே இவர் ஒரு துறவற சபையிலிருந்து வெளியேற நேர்ந்தது என்பதையோ பலர் அறியார். வம்சத்தைத் தேடும் நாம் முதலில் அறிய வேண்டியது அதுவே.

பிறப்பும் தடையும்

இவரது இயற்பெயர் என்றிக்கே என்றிக்கஸ். நம் மக்கள் நாவில் அது அண்டிரிக் என்றாயிற்று. 1520-ஆம் ஆண்டு போர்த்துக்கல் நாட்டு விலா விசோசா நகரில் பிறந்தார். இவருடைய முன்னோர் யூதர்கள். 1497-ஆம் ஆண்டு மனுவேல் மன்னர் தம் நாட்டு யூதர் அனைவரையும் கட்டாயமாகத் திருமுழுக்குப் பெறச் செய்தார். அவ்வாறு வேதத்தில் சேர்ந்தவர்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் புதுக் கிறிஸ்தவர் என்று பெயரிட்டார்கள். அதுவரை கிறிஸ்தவராயிருந்தவர்கள் தம்மைப் பழைய கிறிஸ்தவர் என்று சொல்லிக்கொண்டார்கள். ஒரே திருமுழுக்குத் தொட்டியில் முழுக்குப் பெற்றவர்களிடையே இப்படி ஒரு சுவர் எழுந்தது.

அந்தச் சுவர் நாளுக்கு நாள் உயர்ந்தது. 1506-ஆம் ஆண்டு லிஸ்பன் நகரிலே புதுக் கிறிஸ்தவர்கள் கூட்டங் கூட்டமாகக் கொல்லப்பட்டார்கள். 1536-ஆம் ஆண்டு போர்த்துக்கல்லில் சமய விசாரணை மன்றம் நிறுவப்பட்டது. ஐபீரிய நாடுகளில் பல துறவற சபைகளும் பதவிகளும் புதுக் கிறிஸ்தவருக்கு மூடப்பட்டன. இரத்தத் தூய்மை என்ற பெயரால், ஒருவன் பாட்டன் யார், பாட்டி யார் என்று விசாரித்த பிறகே உள்ளே விட்டார்கள். முன்னோர் வரலாற்றை அன்பினால் தேடியவர்கள் அல்லர் அவர்கள். கதவை அடைப்பதற்கென்றே தேடியவர்கள்.

இளைஞர் அண்டிரிக் பிரான்சிஸ்கன் சபையில் சேர்ந்தார். அவருடைய யூத வம்சம் தெரியவந்ததும் அச்சபையிலிருந்து வெளியேற வேண்டியதாயிற்று. அவருடைய பக்தியிலோ ஒழுக்கத்திலோ குறை காணப்பட்டதன்று. அவர் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முன் அவருடைய பாட்டனார் எந்தச் செபக்கூடத்தில் செபித்தார் என்பதே அவர்மேல் குற்றமாக வைக்கப்பட்டது.

அவர் மனம் உடைந்து போய்விடவில்லை. கோயிம்பிரா பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டம் பயின்றார். 1545-ஆம் ஆண்டு அந்நகரிலேயே இயேசு சபையில் சேர்ந்தார். புனித இஞ்ஞாசியார் அப்போது உயிரோடிருந்தார். யூத வம்சத்தாரை ஏற்பதில் அவர் தயங்கியதில்லை. அவருக்குப்பின் சபையின் தலைவரான லாயினஸ் அடிகளாரே யூத வழி வந்தவர். நம் ஆண்டவரும் அவர் தாயும் பிறந்த அதே இனத்தில் பிறப்பது பெரும் பேறு என்ற கருத்துடையவர் இஞ்ஞாசியார் என்று அவருடன் வாழ்ந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓர் இடத்தில் மூடிய கதவு இன்னோர் இடத்தில் திறந்தது. 1546-ஆம் ஆண்டு அண்டிரிக் கோவாவில் வந்திறங்கினார். மறு ஆண்டு புனித சவேரியார் அவரை நம் முத்துக்குளித்துறைக்கு அனுப்பினார்.

அவர் வந்தபோது நம் கடற்கரை

அவர் வந்த காலத்தில் இங்கும் மக்கள் புதுக் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள். முத்துக்குளிப்பில் எழுந்த சண்டையில் பாதுகாப்பு நாடி, பரதவர் குலத் தலைவர்கள் கொச்சிக்குச் சென்று போர்த்துக்கீசியரிடம் உதவி கேட்டதும், 1535 முதல் 1537 வரை கடற்கரை ஊர்களில் பல்லாயிரவர் திருமுழுக்குப் பெற்றதும் நாம் அறிந்ததே. அப்படிச் சேர்ந்தவர்களுக்குச் செபம் சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்லாதிருந்த நிலையில், 1542-ஆம் ஆண்டு சவேரியார் வந்தார். ஊர் ஊராய் நடந்தார், மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டினார், ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை ஏற்படுத்தினார். அக்கணக்கப்பிள்ளைகளின் சம்பளத்துக்காக, போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென்று இங்கிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தையே கேட்டு வாங்கினார்.

சவேரியாரின் ஒரு பழக்கம் நமக்கு இங்கே முக்கியமானது. 1544-ஆம் ஆண்டின் இறுதியில் திருவிதாங்கூர்க் கரையில் ஆயிரக்கணக்கான முக்குவருக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது, ஒவ்வொருவருக்கும் அவருடைய புதுப் பெயரை எழுதிக் கையில் கொடுத்தார். எழுத்தறியாத மீனவன் கையிலே அவன் பெயர் எழுதிய ஒரு சீட்டு! இத்தென்கரையில் ஏழையின் பெயரும் எழுதி வைக்கத் தக்கது என்று காட்டிய செயல்களில் அதுவும் ஒன்று.

பர்னாந்து, மச்சாது, மோத்தா, கொரேரா, மிராந்தா, ரொட்ரிகோ என்ற பெயர்களைக் கண்டு, தங்கள் முன்னோர் போர்த்துக்கல்லிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் என்று எண்ணிக்கொள்வோர் இன்றும் உண்டு. திருமுழுக்கின்போது ஞானத் தந்தையாய் நின்ற போர்த்துக்கீசியரின் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டதே பெரும்பாலும் இதன் காரணம். அப்பெயர் இரத்த உறவைக் காட்டுவதன்று. ஞான உறவைக் காட்டுவது. இதை அறியாமல் வம்சம் தேடப் புறப்படுகிறவர்கள் முதல் படியிலேயே வழி தவறிவிடுவார்கள்.

தமிழைத் தாய்மொழியாக்கியவர்

அண்டிரிக் அடிகளார் வந்தபோது துபாசி ஒருவரை வைத்துக்கொண்டே பேசினார். தாம் சொல்வது ஒன்று, துபாசி சொல்வது ஒன்று என்று ஆவதைக் கண்டு தமிழ் கற்கத் துணிந்தார். கற்பதற்கு இலக்கண நூல் எதுவும் அவருக்கு எட்டவில்லை. ஆகவே இலத்தீன் இலக்கணத்தை மாதிரியாக வைத்து, மக்கள் பேசும் சொற்களைக் கேட்டுக் கேட்டு, வேற்றுமையையும் வினைத் திரிபுகளையும் தாமே வகுத்து எழுதிக்கொண்டார். சில மாதங்களிலேயே துபாசி இல்லாமல் பேசினார். அவர் எழுதிய இலக்கணத்தின் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் தேசிய நூலகத்தில் உள்ளது. 1982-ஆம் ஆண்டு ஜெர்மனியில் அது அச்சேறியது. மீனவர் வீட்டு முற்றத்திலே, பனை ஓலைப் பாயிலே கேட்ட பேச்சுத் தமிழ் அதில் அப்படியே பதிந்து கிடக்கிறது. நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் எப்படிப் பேசினார்கள் என்பதற்கு அதுவும் ஒரு குடும்ப ஏடுதான்.

1549-ஆம் ஆண்டு வேதாளையில் நடந்த தாக்குதலில், கடற்கரைத் தலைவராயிருந்த கிரிமினாலி அடிகளார், தம் மக்களைத் தோணிகளில் ஏற்றிக் காப்பாற்றும் முயற்சியில் தாமே வெட்டுண்டு இறந்தார். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி அவரே. அவருக்குப் பின் யார் தலைவர் என்ற கேள்வி எழுந்தபோது, உடனிருந்த குருக்கள் அண்டிரிக் அடிகளாரையே தேர்ந்தனர். சொந்த நாட்டில் வம்சத்தைக் கேட்டு ஒதுக்கப்பட்டவர், இங்கே எல்லாராலும் தலைவராக்கப்பட்டார். அப்பொறுப்பை 1576 வரை சுமந்தார்.

அந்த ஆண்டுகள் எளிதானவை அல்ல. உடல்நலம் அவருக்கு எப்போதும் குறைவு. 1553-ஆம் ஆண்டு புன்னைக்காயல் தாக்கப்பட்டபோது மக்கள் பட்ட துன்பம் பெரிது. ஆயினும் ஊர்கள் திரும்ப எழுந்தன. புன்னைக்காயலில் ஏழை நோயாளருக்கு ஒரு மருத்துவமனை அமைத்தார். வெளிநாட்டுக் குருக்கள் தமிழ் கற்க ஏற்பாடு செய்தார். கணக்கப்பிள்ளைகளைப் பயிற்றுவித்தார். இன்றைய நம் உபதேசியார்களுக்கு முன்னோர் அவர்கள்.

ஏடு பிறந்த காலம்

அவர் இங்கே உழைத்துக்கொண்டிருந்த நாள்களில்தான் திருச்சபையில் ஏடுகள் முறைப்படுத்தப்பட்டன. 1563-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் திரிதெந்தின் பொதுச்சங்கம், திருமணம் செய்வோர் பெயரையும், சாட்சிகள் பெயரையும், நாளையும் இடத்தையும் பங்குக் குரு ஓர் ஏட்டில் எழுதிக் காக்க வேண்டும் என்று விதித்தது. திருமுழுக்கில் ஞானப் பெற்றோர் பெயரையும் எழுதச் சொன்னது. இரகசியத் திருமணங்களால் கைவிடப்பட்ட பெண்களும் பிள்ளைகளும் பெருகியதே அச்சட்டத்துக்கு முக்கிய காரணம். கோயில் ஏடு அரசனுக்கு வரி எண்ணப் பிறந்ததன்று. நாதியற்ற ஒரு பெண்ணுக்கு, ஆம், இவள் இன்னான் மனைவிதான் என்று சாட்சி சொல்லப் பிறந்தது. 1614-ஆம் ஆண்டு உரோமைச் சடங்கு நூல், திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், ஆன்ம நிலை, இறப்பு ஆகிய ஐந்து ஏடுகளுக்கும் மாதிரி வகுத்துக் கொடுத்தது.

ஆகவே ஒரே நூற்றாண்டில், ஒரே திருச்சபையில், முன்னோரை எழுதும் பழக்கம் இரண்டு இருந்தது. ஒன்று, மனிதனைத் தள்ளி வைப்பதற்கு. மற்றொன்று, மனிதனைச் சேர்த்துக் காப்பதற்கு. அண்டிரிக் அடிகளார் முதலாவதால் காயப்பட்டவர். தம் வாழ்நாளையோ மற்றதன் வழியிலே செலவிட்டவர்.

அச்சேறிய தமிழ்

ஓலையிலே எழுதிய செபங்கள் எழுதுவோர் கையிலே மாறிப் போவதையும், ஓலைக்குப் பஞ்சமில்லாவிட்டாலும் எழுதுவோருக்குப் பஞ்சம் இருப்பதையும் கண்ட அடிகளார், தமிழ் எழுத்துகளை அச்சிலே வார்க்க வேண்டும் என்று விரும்பினார். 1577-ஆம் ஆண்டு கோவாவில் கொன்சால்வஸ் என்ற சகோதரர் தமிழ் எழுத்து அச்சுகளைச் செய்தார். அடுத்த ஆண்டு பாரியா அடிகளார் கொல்லத்தில் இன்னும் செம்மையாக வார்த்தார். 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. பதினாறே பக்கங்கள். இந்திய மொழி எழுத்தில் அச்சான நூல்களில் இன்று நம் கைக்குக் கிடைத்திருப்பவற்றுள் இதுவே முதலாவது. அதன் பிரதி ஒன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கிறது.

1579-இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் என்ற பெரிய ஞானோபதேசமும், 1580-இல் பாவசங்கீர்த்தனத்துக்கு உதவும் நூலும் வெளிவந்தன. 1586-இல் அறுநூறு பக்கங்களுக்கு மேற்பட்ட அடியார் வரலாறு அச்சேறியது. கடல்மேல் போன கணவன் திரும்புவானா என்று கரையில் காத்திருந்த தாய்மார், புனிதர்களின் கதையைத் தங்கள் மொழியிலேயே கேட்கும் வாய்ப்பு அதனால் வந்தது. பிள்ளைக்குப் புனிதர் பெயர் வைக்கும் குடும்பத்துக்கு, அப்பெயருடையவர் யார் என்று சொன்ன நூல் அது. அதன் பிரதி வத்திக்கான் நூலகத்தில் கிடந்ததைக் கண்டு, இயேசு சபை இராசமாணிக்கம் அடிகளார் 1967-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் மறுபதிப்பாக வெளியிட்டார். ஏறக்குறைய நான்கு நூற்றாண்டுகள் காணாமற் போயிருந்த குடும்பச் சொத்து வீடு வந்து சேர்ந்தது போலாயிற்று.

அந்திக் காலம்

அடிகளாருக்கு எழுபது வயது கடந்த பின், 1593-ஆம் ஆண்டு, அவருடைய இயேசு சபையே தன் ஐந்தாம் பொதுப் பேரவையில் யூத வழி வந்தோரை இனிச் சேர்ப்பதில்லை என்று தீர்மானம் செய்தது. இஞ்ஞாசியார் திறந்து வைத்த கதவை அவர் மக்களே அடைத்தார்கள். 1608-இல் அது சற்றுத் தளர்த்தப்பட்டு, ஐந்து தலைமுறை வரை ஆராய்ந்தால் போதும் என்றாயிற்று. 1946-ஆம் ஆண்டில்தான், இரண்டாம் உலகப் போரில் யூத மக்கள் அடைந்த பேரழிவுக்குப் பின், அத்தடை முற்றிலும் நீக்கப்பட்டது. 353 ஆண்டுகள்! அந்தப் பேரவை விதிப்படி, 1593-க்குப் பின் ஒரு புது அண்டிரிக் வந்திருந்தால் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருப்பார். தமிழ் அச்சும் எவ்வளவு காலம் காத்திருந்திருக்குமோ! இதை மறைக்காமல் சொல்வது நம் கடமை. திருச்சபை தன் குறையைத் தானே அறிந்து திருத்திக்கொள்வதும் அதன் வரலாற்றில் ஒரு பகுதியே.

1600-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் அடிகளார் புன்னைக்காயலில் இறையடி சேர்ந்தார். அவர் உடல் தூத்துக்குடியில் அடக்கம் செய்யப்பட்டது. அந்நாளில் அக்கம்பக்கத்து இஸ்லாமியர் நோன்பிருந்தனர், இந்துக்கள் கடைகளை அடைத்தனர் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. யூத வழியில் பிறந்து, கத்தோலிக்கக் குருவாய், தமிழ் பேசி வாழ்ந்த ஒருவருக்காக எல்லாரும் துக்கம் கொண்டாடினர் என்பது எவ்வளவு பொருத்தம்!

நாம் ஏடு பார்க்கும் முறை

இனி நம் குடும்பங்களுக்கு வருவோம். முன்னோரைத் தேட விரும்புகிறவர்கள் கோயில் அலுவலகத்துக்கு வருமுன், வீட்டிலுள்ள முதியோரிடம் உட்கார வேண்டும். பாட்டி ஆண்டைச் சொல்லமாட்டார். தனுஷ்கோடி புயலுக்கு முந்தின வருசம் என்பார். அப்படியானால் 1963. அவர் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பழங்கதைதானே என்று தள்ளிவிடாதீர்கள். கொற்கை ஒரு காலத்தில் கடல் துறைமுகம் என்று சொன்னபோது, கடலே கண்ணுக்குத் தெரியாத ஊரில் என்ன துறைமுகம் என்று நகைத்திருப்பார்கள். தாமிரபரணி கொண்டுவந்த மண்ணால் கடல் விலகிப் போனதையும், கொற்கைக்குப் பின் பழையகாயலும் அதற்குப் பின் புன்னைக்காயலும் துறைமுகமானதையும் ஆராய்ச்சி உறுதிப்படுத்திற்று. குடும்பக் கதையும் அப்படியே. ஊர் மாறியிருக்கும், பெயர் மாறியிருக்கும். உள்ளே ஓர் உண்மை கிடக்கும்.

ஏட்டிலே பெயர் தேடும்போது ஒரு சிக்கல் வரும். பழைய குருக்கள் இலத்தீனில் எழுதினார்கள். வீட்டில் இராயப்பன் என்று அழைக்கப்பட்டவர் ஏட்டில் பேத்ருஸ் என்றிருப்பார். சின்னப்பன் பாவுலுஸ், அருளப்பன் யோவான்னெஸ், சூசை யோசேப்புஸ், ஞானப்பிரகாசம் அலோய்சியுஸ், சவேரிமுத்து சவேரியுஸ் என்று காணப்படுவர். தலைப்பேரனுக்குப் பாட்டன் பெயரை இடும் நம் வழக்கத்தால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்ப வரும். அங்கே தாயின் பெயரையும் ஞானப் பெற்றோர் பெயரையும் பார்த்தே ஆளை அடையாளம் காண வேண்டும். 1908 முதல், திருமணம் நடந்த விவரத்தைத் திருமுழுக்கு ஏட்டின் ஓரத்தில் குறிக்கும் முறை வந்தது. அந்த ஓரக்குறிப்பு, பெண் கட்டிக்கொடுக்கப்பட்ட ஊரை நமக்குச் சொல்லும்.

இன்னொரு புதையல், திருமண விலக்கு மனுக்கள். அத்தை மகனையும் மாமன் மகளையும் மணப்பது நம் வழக்கம். திருச்சபைச் சட்டமோ நெருங்கிய உறவில் திருமணத்தைத் தடுத்து, மேற்றிராணியாரின் விலக்கு பெற்றால் அனுமதிக்கிறது. 1917-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு மூன்றாம் தலைமுறை வரை விலக்கு வேண்டும் என்றது. 1983-ஆம் ஆண்டுத் தொகுப்பு, அத்தை மாமன் பிள்ளைகள் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டது. விலக்கு கேட்பவர்கள் தங்கள் உறவு எப்படி என்று காட்ட, பொதுவான பாட்டன் பாட்டி வரை கொடிவழி எழுதிக் கொடுக்க வேண்டும். அன்று தடையாகத் தோன்றிய அந்தத் தாள் இன்று பேரப்பிள்ளைகளுக்கு வம்ச விருட்சமாகிறது.

ஏடுகளில் இடைவெளிகளும் உண்டு. 1658-இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்துக் குருக்களை வெளியேற்றினர். 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டது. 1838-இல்தான் மதுரை மிஷனுக்கு மீண்டும் வந்தனர். கறையானும் வெள்ளமும் செய்த அழிவு வேறு. 2023 டிசம்பரில் தாமிரபரணிக் கரையோரத்தில் வெள்ளம் புகுந்த வீடுகளில் எத்தனை பழைய தாள்கள் கூழாயின என்று நாம் கண்டோம். வீட்டிலுள்ள பழைய சான்றிதழ்களையும் படங்களையும் இன்றே ஒரு நகல் எடுத்து வேறோர் இடத்தில் வையுங்கள்.

ஏட்டைக் கொண்டு என்ன செய்வது

கடைசியாக, மனத்திலிருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஏடு தேடி வருகிறவர்களில் சிலர், தங்கள் முன்னோர் பெரிய இடத்தவர் என்று நிரூபிக்க வருகின்றனர். வேறு சிலர், பெண் எடுக்கப்போகும் வீட்டார் எந்த வழி வந்தவர்கள் என்று அறிய வருகின்றனர். பழைய ஏடுகளில் பெயரோடு சாதியும் எழுதப்பட்டதுண்டு. 1876 முதல் 1878 வரை நம் நாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில் பெற்றோரை இழந்த பிள்ளைகள், பெற்றோர் பெயர் இன்றியே திருமுழுக்குப் பெற்றதுண்டு. தந்தை பெயர் எழுதப்படாத வரிகளும் உண்டு. அவற்றைப் பார்த்து இன்று அவர்கள் பேரப்பிள்ளைகளைக் குறைவாக எண்ணுகிறவன், பிரான்சிஸ்கன் வாசலில் நின்று அண்டிரிக் அடிகளாரைத் திருப்பி அனுப்பியவர்களின் வரிசையில் சேர்கிறான்.

நம் மாவட்டத்திலேயே வடக்கன்குளம் ஆலயத்தில் இரு சாதியார் ஒருவரையொருவர் பார்க்காமல் பூசை காண நடுவே சுவர் நின்றது. 1910-ஆம் ஆண்டு அதை இடித்தார்கள். கல்லாலான சுவரை இடிப்பது ஒரு நாள் வேலை. ஏட்டைத் திறந்து மனத்திலே புதுச் சுவர் கட்டுவதும் ஒரு நாள் வேலைதான். ஆகையால் இந்தப் பங்கில் ஒரு விதி: தம் குடும்பத்தின் முன்னோரைத் தேடுகிறவர்களுக்கு ஏட்டிலிருந்து வேண்டிய விவரத்தை மகிழ்ச்சியோடு எடுத்துத் தருவோம், அடுத்த வீட்டாரின் குலத்தை அறிய வருகிறவர்களுக்கு ஏடு திறக்கப்படாது.

மத்தேயு தம் நற்செய்தியை நம் ஆண்டவரின் வம்ச வரிசையோடு தொடங்குகிறார். அதிலே ஆபிரகாமும் தாவீதும் இருக்கிறார்கள். அவர்களோடு தாமாரும், எரிக்கோவின் இராகாபும், மோவாபு நாட்டு ரூத்தும், உரியாவின் மனைவியும் இருக்கிறார்கள். மறைக்க நினைத்திருந்தால் எளிதில் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை. அந்த ஏட்டின்படி நம் இரட்சகருக்கே இரத்தத் தூய்மைச் சான்று கிடைத்திருக்காது. வம்ச ஏடு எழுதும் சரியான முறை அதுவே: எல்லாரையும் எழுதுவது, ஒருவரையும் விடாதிருப்பது.

அண்டிரிக் அடிகளாருக்குச் சொந்தப் பிள்ளைகள் இல்லை, வம்சமும் இல்லை. ஆயினும் நாம் தமிழில் அச்சிட்ட செபப் புத்தகத்தைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும், பங்கிலே பெயர் எழுதித் திருமண ஓலை வாசிக்கும் ஒவ்வொரு முறையும், அவர் விதைத்ததையே அறுக்கிறோம். ஆகவே பங்கு மக்களே, முன்னோர் பெயரைத் தேடி எழுதுங்கள். நல்லவரையும் எழுதுங்கள், இடறியவரையும் எழுதுங்கள், பெயர் தெரியாத பாட்டிக்கும் ஒரு வரி விடுங்கள். இறந்தோர் நினைவு மாதமாகிய நவம்பரில் அப்பெயர்களைக் கோயிலுக்குக் கொண்டுவாருங்கள். பீடத்தில் வைத்துப் பூசை ஒப்புக்கொடுப்போம். மனிதர் எழுதிய ஏடுகளைக் கறையான் அரித்தாலும், வாழ்வின் ஏட்டிலே அவர்கள் பெயர்களை எழுதிக் காக்கும் ஆண்டவர், இந்த யூபிலி ஆண்டில் நம் எல்லாக் குடும்பங்களையும் ஒரே குடும்பமாக ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

பங்குக் குரு